வார்டன் போட்ட ரூல்

சேர்ல உக்காந்துக்கிட்டுத்தான் செய்யறேன், ஸ்டூல்ல ஏறல. கேமரா வழியா பாத்தா என் மக மதிக்கு அவ்வளவுதான் தெரியும். எழுபதை எட்டப்போற அவங்கம்மா தவமணி, ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ரெண்டு காலையும் தரையில ஊனி, மடியில தலகாணி, தலகாணி மேல லேப்டாப், மூக்குல கண்ணாடின்னு சமத்தா உக்காந்திருக்கா. ஏதோ கோலப்போட்டி வீடியோ பாக்கறான்னு நினைச்சுக்குவா. நினைச்சுக்கட்டும். இப்ப அவ பாக்கவும் மாட்டா, வியாழக்கிழமை இந்த நேரம் மெல்போர்ன்ல அவ ஆபீஸ் மீட்டிங், வாரத்துல அந்த ஒரு நேரந்தான் என்னை விட்டுட்டு வேற மூஞ்சிங்களைப் பாப்பா. மத்த நேரமெல்லாம் நான்தான் அவளுக்கு டிவி. ஹால்ல ஒரு கேமரா, வாசக்கதவைப் பாத்தாப்ல. சமையக்கட்டுல ஒண்ணு, அடுப்பைப் பாத்தாப்ல. பெட்ரூம்ல ஒண்ணு, கட்டிலைப் பாத்தாப்ல. மூணும் ராப்பகலா என்னைப் புடிச்சு மெல்போர்னுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு, அதுகளுக்கு அலுப்பே கிடையாது. காபி டம்ளரைக் கையில எடுத்தா போன் அடிக்கும், அம்மா இது ரெண்டாவது. கண்ணைச் செத்த மூடினா போன் அடிக்கும், அம்மா இப்பத் தூங்கினா ராத்திரி தூக்கம் வராது. ஊறுகா பாட்டில்ல விரலை விட்டா அதுக்கும் அடிக்கும். விரலை விட்டு நக்கறது ஒரு சொகம், ஆனா அது யாரும் பாக்காதப்பதான் சொகம், ஒரு ஆள் பாத்துட்டா அது வெறும் பிரஷர் சமாச்சாரம் ஆயிடுது. சரி, இப்ப ஊறுகாயை நினைக்காத தவமணி, ஸ்க்ரீனைப் பாரு, மோடத்துக்குள்ள போற பக்கம் திறந்திருக்கு, பேரு கேக்குது, பாஸ்வேர்டு கேக்குது.

இதெல்லாம் நீயா வரவழைச்சுக்கிட்டதுன்னு மதி சொல்வா. பொய்னு சொல்ல மாட்டேன். போன வருஷப் பொங்கல் அன்னைக்குப் பரண்ல இருந்து வெண்கலப் பானையை எடுக்க ஸ்டூல்ல ஏறினேன், ஸ்டூல் ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன், பானை மட்டும் ஒண்ணும் ஆகாம என் பக்கத்துலயே உருண்டு வந்து நின்னுது. சமையக்கட்டுத் தரையில மல்லாக்கக் கிடந்தேன். மேடைக்கு அடிப்பக்கம் எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் பாத்தேன், கொத்தனார் பூசாமலே விட்டிருக்கான், கம்பி தெரியுது. அவர் இருந்திருந்தா கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார், அவர் போயி எட்டு வருஷம் ஆச்சு. காலையில விழுந்தவ, சாயங்காலம் வரைக்கும் அந்தக் கம்பியையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். மதி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்து, கடைசியில கீழ்வீட்டு மெஹருன்னிசாவைக் கூப்பிட்டு, அவ ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து கதவை உடைச்சு, என்னைத் தூக்கினா, இடுப்பெலும்புல விரிசல். மதி அடுத்த விமானத்துல ஓடி வந்தா, ஒரு மாசம் இருந்தா, கேமராக்காரங்களைக் கூட்டியாந்து மூணையும் மாட்டினா, மெஹருகிட்ட ஒரு சாவி குடுத்தா, ஏர்போர்ட் கிளம்பறப்ப வாசல்ல நின்னு சொன்னா, இன்னொரு தடவை நீ என்னைப் பயமுறுத்தினா கோயம்புத்தூர்தான், பேரு பதிஞ்சு வச்சிருக்கேன், அடுத்த நாளே கொண்டுபோய் விட்டுடுவேன்னு. கோயம்புத்தூர்ல வயசானவங்களுக்குன்னே ஒரு குடியிருப்பு கட்டியிருக்காங்க. மணியடிச்சா சாப்பாடு, வெளிய போகணும்னா கையெழுத்து, ராத்திரி எட்டு மணிக்குக் கதவை அடைச்சுடுவாங்க. அடிப்பாவி, அதுக்குப் பேரு ஹாஸ்டல். இதே திருச்சியில லேடீஸ் ஹாஸ்டல்ல இருபத்தொம்பது வருஷம் வார்டனா இருந்தவளைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல சேக்கறேங்கறா பெத்த பொண்ணு. எனக்கு ஒரு வார்டன் இருப்பா. முப்பது வயசு இருக்கும் அவளுக்கு. தவமணி ஆன்ட்டி, லைட்டை அணைங்கன்னு சொல்வா. நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு. போன மாசம் இடி விழுந்து பழைய மோடம் செத்துப்போச்சு, கம்பெனிக்காரங்க புதுசு வச்சுட்டுப் போனாங்க, பாஸ்வேர்டு மோடத்துக்கு அடியில ஒட்டியிருக்கும்னு சொன்னாங்க. மதி கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையிலதான் இருக்கா, ஊருக்கெல்லாம் பாதுகாப்பு, அம்மா வீட்டு மோடத்துக்கு அந்த ஸ்டிக்கர் பாஸ்வேர்டை மாத்தச் சொல்ல மறந்துட்டா. குனிஞ்சு, டிவி ஸ்டாண்டுக்கு அடியில தலையை விட்டு, மெதுவா, இடுப்பு, மெதுவா, அப்பாடா, படிச்சாச்சு. ஒரு எழுத்து பூஜ்யமா ஓவான்னு தெரியல, ஓ போட்டுப் பாப்போம். உள்ள விட்டுடுச்சு. விட்டுடுச்சே! நான் போட்ட பேரை நம்பி என்னை உள்ள விட்டுடுச்சு. எத்தனை கதவு இதுக்குள்ள, ஒண்ணொண்ணுக்கும் ஒரு பேரு, நமக்கு வேண்டியது பாதுகாப்புங்கற கதவு, அதுக்குள்ள பாக்கெட் ஃபில்டர், எது வெளிய போகலாம் எது போகக்கூடாதுன்னு ரூல் போடற இடம். இருக்கு. போன்ல நான் தேடிப் பாத்த யூடியூப் வீடியோவுல காட்டின இடத்துலயே இருக்கு. பவர் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாமேன்னு கேட்டா, கேமரா மூணுக்கும் கரண்டு பரண் மேல ஒரே பெட்டியிலருந்து போகுது, அதுக்கு ஸ்டூல்ல ஏறணும், ஸ்டூல்ல ஏறினா நானே எனக்குக் கோயம்புத்தூர் டிக்கெட் போட்டுக்கறேன்னு அர்த்தம். ஒருதடவை கரித்துணியைச் சுருட்டி சமையக்கட்டுக் கேமரா மேல எறிஞ்சேன், நல்லாவே மாட்டிச்சு, மறு நிமிஷம் போன். அதோட பிளக்கைப் பிடுங்கறதும் துணியை எறியறதும் திருட்டுத்தனம். நான் எதுக்குத் திருடணும் என் வீட்டுல? ரூல் போடுவேன். ரூல் போடத் தெரியாதவளா நான்.

இந்த ரூல் சமாச்சாரத்தை எனக்குச் சொல்லிக் குடுத்ததே மதிதான், அதை நினைச்சாத்தான் சிரிப்பு வருது. வேலைக்குச் சேந்த புதுசுல கேட்டேன், என்னடி வேலை பாக்கற அங்கன்னு. அம்மா, ஆபீஸ்லருந்து போற எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் போகும், ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் எங்கருந்து வருது எங்க போகுதுன்னு இருக்கும், அதைப் பாத்து எதை விடலாம் எதை விடக்கூடாதுன்னு ரூல் போடறதுதான் என் வேலை, உன் ஹாஸ்டல் கேட் மாதிரிதான்னா. பெருமையாதான் இருந்துது எனக்கு. என் கேட். பச்சைப் பெயிண்டு அடிச்ச கேட், பக்கத்துல வாட்ச்மேன் அருளப்பன், அவர் கையில நான் எழுதின சீட்டு. ஞாயித்துக்கிழமை வெளிய போற பொண்ணுங்க பேரெல்லாம் அதுல இருக்கும், சீட்டுல பேரு இருந்தா போகலாம், இல்லாட்டி பிரின்சிபல் பொண்ணா இருந்தாலும் நிக்கணும். எல்லாரும் என்னைத் திட்டினாங்க, எனக்குப் பட்டப்பேரு என்னன்னும் தெரியும், ஆனா அந்தப் பொண்ணுங்ககிட்டயே கேட்டுப் பாருங்க, தவமணி மேடம் ஒருநாளாவது உங்க ரூமுக்குள்ள எட்டிப் பாத்தாளான்னு. கேட்டைத் தாண்டி உள்ள வந்தாச்சுன்னா அந்த அறை அவங்களோடது. கட்டில் மேல ஏறிக் குதிச்சாலும் சரி, யாருக்கு லெட்டர் எழுதினாலும் சரி, துணியே இல்லாம ஃபேனுக்கு அடியில கிடந்தாலும் சரி. நிர்வாகத்துல ஒரு தடவை கமிட்டி போட்டு, ஒவ்வொரு அறைக் கதவுலயும் வெளியிலருந்து பாக்கற மாதிரி கண்ணாடித் துளை வைக்கலாம்னாங்க. நான் எழுந்து நின்னேன். சம்பளத்துக்கு இருக்கறவ நான், எதிர்ல வெள்ளை வேட்டிக்காரங்க ஆறு பேர். துளை போடறதுன்னா முதல்ல வார்டன் ரூம் கதவுல போடுங்க, ஒரு வாரம் நீங்கல்லாம் வந்து என்னைப் பாத்துட்டுப் போங்க, அப்புறம் பொண்ணுங்களுக்குப் போடலாம்னேன். துளை வரவே இல்ல. அப்படி இருந்தவ வீட்டுல, பெட்ரூம்ல, கட்டிலைப் பாத்தாப்ல.

எழுதிடலாம். போன்ல இருக்கற கேமரா ஆப்ல ஒவ்வொண்ணோட நம்பரும் இருக்கு, மதி ஒழுங்கானவ, மாறாத நம்பரா போட்டு வச்சிருக்கா, ஹாலுக்கு ஐம்பத்தொண்ணு, சமையக்கட்டுக்கு ஐம்பத்திரெண்டு, பெட்ரூமுக்கு ஐம்பத்திமூணு. ஹால் இருக்கட்டும். அது வாசக்கதவைப் பாக்குது, யார் வர்றா யார் போறான்னு பாக்கட்டும், அது கேட், அதுல எனக்கு வழக்கே இல்ல. மத்த ரெண்டுதான். இங்க பெட்டியில ஐம்பத்திரெண்டு, அடுத்த வரியில ஐம்பத்திமூணு. மேல ஒரு கேள்வி கேக்குது, பிளாக் லிஸ்ட்டா ஒயிட் லிஸ்ட்டான்னு. கருப்புப் பட்டியல்ங்கற பேச்சே என்கிட்ட கிடையாது. அடுத்த ஹாஸ்டல்ல வச்சிருந்தாங்க, நோட்டீஸ் போர்டுல பொண்ணுங்க பேரை எழுதி ஒட்டுவாங்க, நான் ஒரு பொண்ணு பேரைக் கூட அப்படி எழுதினது இல்ல. அருளப்பன் கையில இருந்தது நல்ல சீட்டு. அதனால ஒயிட். வெள்ளை. சரி. இப்ப அப்ளைங்கற பட்டன். நீலமா இருக்கு. அமுக்க வேண்டியதுதான். விரல் வர மாட்டேங்குது பாரு. ஏன்? அந்தக் கம்பி ஞாபகம் வருது, மேடைக்கு அடியில தெரிஞ்ச கம்பி. தண்ணித் தவிச்சுது அன்னைக்கு, பக்கத்துலயே குழாய் சொட்டு சொட்டா விழுந்துக்கிட்டிருந்துது, கை எட்டல. இந்தப் பட்டனை அமுக்கிட்டா, நாளைக்கு அதே இடத்துல விழுந்தா, மதிக்குத் தெரியாது. அவ பயப்படறதுல நியாயம் இல்லாமலா இருக்கு? இருக்கு. எனக்கே பயமாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேமரா வந்ததுலருந்து நான் புடவை எங்க மாத்தறேன்? பாத்ரூம்ல. ஈரத்தரையில ஒத்தைக்கால்ல நின்னுக்கிட்டு, கொசுவம் நனைஞ்சுடக் கூடாதுன்னு வாயில கவ்விக்கிட்டு, ஒரு கையால குழாயைப் புடிச்சுக்கிட்டு. போன வாரம் கால் வழுக்கி, குழாய் இல்லேன்னா அப்படியே போயிருப்பேன், பாத்ரூம்ல கேமரா இல்லாததால அது மெல்போர்னுக்குத் தெரியல. விழாம இருக்கறதுக்குன்னு வச்ச கேமராவாலயே விழப் பாத்தேன். என் கட்டிலு, என் பீரோ, என் கண்ணாடி, அங்க நின்னு நான் புடவை கட்டக்கூடாதா? விழுந்தா விழுந்துட்டுப் போறேன். கட்டிக்கிட்டு விழறேன். அமுக்கு தவமணி.

அமுக்கிட்டேன். ஒரு வட்டம் சுத்துது. நின்னுது. பச்சை எழுத்துல என்னமோ வந்துது, பச்சைன்னா நல்லதுதான். போன்ல ஆப்பைத் திறந்து சமையக்கட்டைத் தொட்டேன், இருட்டா இருக்கு, சுத்திக்கிட்டே இருக்கு, படம் வரல. வரல! அய்யோ, போச்சு, நிஜமாவே போச்சு, நான்தான் செஞ்சேன். லேப்டாப்பைத் தூக்கி சோபாவுல வச்சுட்டு நேரா சமையக்கட்டுக்குப் போனேன், ஓடலன்னுதான் சொல்லணும், ஆனா உள்ளுக்குள்ள ஓடினேன். ரெண்டாவது காபி போட்டேன். சக்கரை ரெண்டு கரண்டி, ஆமா, ரெண்டு. ஊறுகா பாட்டிலைத் திறந்து விரலை விட்டேன், காபிக்கும் ஊறுகாய்க்கும் என்ன பொருத்தம்னு கேக்க யாரு இருக்கா, ஒருத்தரும் இல்ல. அப்புறம் என்ன தோணிச்சோ, டம்ளரை இடது கையில தொங்கவிட்டுக்கிட்டு, கேமராவுக்கு நேர் கீழ போயி நின்னு, வலது கையை மட்டும் மேல தூக்கி, வாயை ஒரு பக்கமாக் கோணி, நல்லா அழகு காட்டினேன். சின்ன வயசுல பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் காட்டின அதே அழகு. வேவேவேன்னு சத்தம் கூடப் போட்டேன். அந்தக் கருப்புக் கண்ணு பேசாம பாத்துக்கிட்டிருந்துது, அதால இனிமே யாருக்கும் கோள் சொல்ல முடியாது. நெஞ்செல்லாம் குளுகுளுன்னு இருந்துது. ஹாஸ்டல்ல பொண்ணுங்க மொட்டைமாடியில ஆடறப்ப கீழருந்து கேக்கும், எதுக்கு இதுங்களுக்கு இவ்வளவு சந்தோஷம்னு நினைச்சுக்குவேன். இதுக்குத்தான். ஒண்ணுமே இல்லாததுக்கு. இன்னொரு தடவை கையைத் தூக்கி இன்னொரு தடவை வாயைக் கோணினேன், அதுக்குள்ள காபி ஆறிடுச்சு, ஆறின காபியும் நல்லாத்தான் இருந்துது.

வாசக்கதவுல சாவி திரும்பற சத்தம். மெஹருன்னிசா. கையெல்லாம் ரொட்டி மாவு, முக்காடு நழுவி, மாடிப்படி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது, காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனு. என்னைப் பாத்ததும் அப்படியே நின்னா. அக்கா, சிரிங்கன்னா. என்ன மெஹரு, நல்லாருக்கியான்னேன். முதல்ல சிரிங்கக்கா, பல்லு தெரியச் சிரிங்கன்னா, அழுவற மாதிரி இருந்துது அவ மூஞ்சி. சிரிச்சேன். ரெண்டு கையையும் தூக்குங்க. தூக்கினேன். உங்க பேரு என்னன்னு சொல்லுங்க. ஏம்மா, எத்தனை வருஷமா உன் தலைக்கு மேல குடியிருக்கேன், என் பேரு தெரியாதான்னேன். அவ போனைப் பாத்து, புள்ள, வாய் நேராத்தான் இருக்கு, கை ரெண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்குறாங்க, எகத்தாளமாவும் பேசுறாங்கன்னு சொல்லிட்டு, அப்படியே சேர்ல உக்காந்து முந்தானையால மூஞ்சியத் துடைச்சா, மூஞ்சியெல்லாம் மாவு. மெஹரு சொல்லச் சொல்ல மெல்லத்தான் எனக்குப் புரிஞ்சுது. மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சிருக்கு. ஹால் கேமரா அறுந்துபோச்சுன்னு மதிக்குத் தகவல் போயிருக்கு, பதறிப்போயி சமையக்கட்டைத் திறந்து பாத்திருக்கா, அங்க அவ அம்மா ஒரு கை தொங்க, ஒரு கை தூக்க, வாய் ஒரு பக்கம் கோண, என்னமோ உளறிக்கிட்டு நிக்கறா. பக்கவாதம்னு நினைச்சுட்டா. என்னை வாட்ஸாப்புல கூப்பிட்டுப் பாத்திருக்கா, போகல, மெஹருவைக் கூப்பிட்டுட்டா. கோயம்புத்தூர்னு ஒரு சத்தம் என் தலைக்குள்ள மணி மாதிரி அடிச்சுது. அடுத்த நாளேன்னு சொல்லியிருக்காளே. ஆனா அந்தப் பயத்துக்கு நடுவுலயே வேற ஒண்ணு இடிச்சுது. அவ சமையக்கட்டைப் பாத்தாளா? எப்படிப் பாத்தா? நான் அடைச்சது சமையக்கட்டை ஆச்சே, போனது ஹாலுங்கறாளே.

சீட்டு! அட முண்டமே, சீட்டு! வெள்ளைச் சீட்டுல யார் பேரு இருக்கோ அவங்கதானே வெளிய போகலாம்? நானே கேட்டுல உக்காந்து, எவளை உள்ள வைக்கணுமோ அவ பேரை அனுமதிச் சீட்டுல எழுதி அருளப்பன் கையில குடுத்திருக்கேன். வீட்டுல மத்த எல்லாத்தையும் நிறுத்திப்புட்டு, என் போனு, என் லேப்டாப்பு, ஹால் கேமரா எல்லாத்தையும் நிறுத்திப்புட்டு, சமையக்கட்டையும் பெட்ரூமையும் மட்டும் போயிட்டு வாங்கம்மான்னு அனுப்பி வச்சிருக்கேன். அதனாலதான் ஆப்ல படம் வரல, போனுக்கே வெளிய போக வழியில்ல. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியல. மெஹரு திரும்பவும் பயந்து, அக்கா கையைத் தூக்குங்கன்னா. நான் அவ கையிலருந்து போனை வாங்கி ஸ்பீக்கர்ல போட்டு, சோபாவுல உக்காந்து, லேப்டாப்பை மடியில எடுத்து வச்சேன். அந்தப் பக்கம் மதி அழுதுக்கிட்டே கத்தறா, இதுக்கு மேல என்னால முடியாதும்மா, நாளைக்கே கோயம்புத்தூருக்குப் பேசறேன், நான் இங்க உயிரைக் கையில புடிச்சுக்கிட்டிருக்கேன்னு. பேசட்டும்னு விட்டேன். பேசி முடிச்சு மூக்கை உறிஞ்சினதும் சொன்னேன்.

"மதி, சமையக்கட்டுப் படம் உன் போன்ல ஓடுதா?"

"ஓடுது. ஏன்?"

"அதையே பாத்துக்கிட்டிரு."

வெள்ளையை எடுத்துட்டுக் கருப்பு. பேரு எப்படி இருந்தா என்ன, அதுல இருக்கறது பொண்ணுங்க இல்ல, கேமராங்க. ஐம்பத்திரெண்டு, ஐம்பத்திமூணு, ரெண்டும் சரியா இருக்கா, இருக்கு. இந்தத் தடவை விரல் நிக்கல. எதிர்ல மெஹரு உக்காந்திருக்கா, போன்ல மக இருக்கா, எல்லாருக்கும் முன்னாடி, பட்டப்பகல்ல, அமுக்கினேன்.

"போச்சா?"

"போயிடுச்சு," ன்னா. "பெட்ரூமும் போயிடுச்சு. அம்மா, ஹால் வந்துடுச்சு." அப்புறம் அவ குரல் மாறிச்சு, ஆபீஸ்ல பேசற குரல். ஃபில்டர் போட்டியா? யாரு போட்டது? நான்தான்னேன். யாரு சொல்லிக் குடுத்தா? நீதாண்டி, ஹாஸ்டல் கேட் மாதிரின்னு சொன்னியேன்னேன். முதல்ல ஒயிட் லிஸ்ட் போட்டுட்டியா, அதனாலதான் ஹால் போச்சான்னு அவளே கண்டுபிடிச்சா, புதுசா வேலைக்கு வர்றவங்க எல்லாம் பண்ற தப்பும்மா இதுன்னு சொல்லிட்டுப் பட்டுனு சிரிச்சுட்டா, அழுகையோடயே. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கர்வம், சொல்லி மாளாது. பாஸ்வேர்டையும் மாத்தப்போறேன்னேன். என்னன்னு மாத்தப்போறன்னு கேட்டா. அது எனக்குத் தெரியும்னேன். மெஹரு வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கறா.

சிரிப்பு அடங்கினதும் மதி திரும்பவும் ஆரம்பிச்சா. நீ விழுந்தா எனக்குத் தெரிய வேண்டாமா, அன்னைக்குக் காலையிலருந்து கிடந்தியேம்மான்னா. எனக்கும் கோவம் வரல, நிதானமாதான் சொன்னேன். ஹால் கேமரா உனக்குத்தான், எடுக்க மாட்டேன், வாசலை யார் தாண்டறான்னு நீ பாரு, காலையில நான் பால் எடுக்க வரலேன்னா மெஹருவை அனுப்பு, ஸ்டூலை இன்னைக்கே மெஹரு வீட்டுக்குக் குடுத்துடறேன். ஆனா உன்னால நான் ஈரத்தரையில நின்னு புடவை கட்டறேண்டி, போன வாரம் வழுக்கிட்டேன், குழாயைப் புடிச்சுத் தப்பிச்சேன்னு சொன்னேன். நீ புடவை மாத்தறப்ப நான் பாக்க மாட்டேன்மான்னா, ரொம்பச் சின்னக் குரல்ல, பத்தாவது படிக்கிறப்ப இருந்த குரல். நீ பாக்க மாட்டேன்னு எனக்கு எப்படிடி தெரியும்னேன். இருபத்தொம்பது வருஷம் கேட்டைத்தான் பாத்தேன், ஒரு அறையைப் பாக்கல, அந்தப் பொண்ணுங்க யாரும் கெட்டுப் போகல, நானும் போக மாட்டேன். கோயம்புத்தூருக்கு நீ பேசறதுன்னா பேசு, நான் வரல. வரலேன்னா வரல.

மதி கேட்டா.

"அப்ப நீ நல்லாருக்கியான்னு நான் எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

"கேளுடி. போன் பண்ணி என்னைக் கேளு. சொல்றேன்."

தெருவுல ஏதோ ஆட்டோ போச்சு. மெஹரு கை மாவை உருட்டி உருட்டித் தரையில போட்டுக்கிட்டிருந்தா. வச்சுட்டாளோன்னு போனைத் திருப்பிப் பாத்தேன், வைக்கல.

"சாப்டியாம்மா?"

கேமரா வந்த நாள்லருந்து இந்த வார்த்தை என் காதுல விழவே இல்லங்கறது அப்பதான் உறைச்சுது. எதுக்குக் கேப்பா, அவளுக்குத்தான் தெரியுமே, நான் சாப்பிட்டதை எனக்கே அவதான சொல்லிக்கிட்டிருந்தா. கண்ணு கலங்கிப் போயி சமையக்கட்டுப் பக்கம் பாத்தேன். அடுப்பு காலியாக் கிடக்குது. காலையிலருந்து ரெண்டு காபி, ஒரு விரல் ஊறுகா, அரிசி கூட இன்னும் களையல.

"சாப்டேன்டி," ன்னேன்.

"என்ன சாப்ட?"

"சாதம், மிளகு ரசம், முருங்கக்கீரைப் பொரியல். ரெண்டு அப்பளம் சுட்டேன்."

மெஹரு என்னையும் காலி அடுப்பையும் மாத்தி மாத்திப் பாக்கறா, கண்ணு ரெண்டும் வெளிய வந்து விழுந்துடும் போல இருக்கு. நான் வாயில விரலை வச்சுக் காட்டினேன்.

"சரிம்மா," ன்னா மதி.

நம்பிட்டா.